ஆறாத புண்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





பெரியோர்கள் பேசிப் பழகிய இந்த மேடையிலே பல்கலைக்கழகப் படிப்பையே இன்னும் முடிக்காத ஒரு மாணவன் ஏறி நிற்பது சற்றுத் துணிவான காரியந்தான். ஆயினும், "இளைஞர் ஒருவரும் பேசவேண்டும்" என்று செயலாளர் கட்டளையிட்டுவிட்டார். என்ன பொருளைப் பற்றிப் பேசுவது என்று பல நாள் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் பொருளைத் தந்தவன் எமது தம்பி. அவனுக்கு வயது பத்து.

சென்ற விடுமுறையில் ஒரு மாலை, அவனும் அவனுடைய கூட்டாளிகள் மூவரும் திண்ணையிலே ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அவர்கள் விளையாடிய விளையாட்டின் வீரனுக்குச் சாவு கிடையாதாம். வெட்டினால் வெட்டுவாய் மூடிவிடும். சுட்டால் சற்று நேரத்தில் எழுந்து நிற்பான். தலைக்கு மேலே ஒரு பச்சைக் கோடு குறைந்து குறைந்து மறுபடியும் நிறைந்துவிடும். ஒருவன் கேட்டான்: "சரி, அவனை எரிச்சுச் சாம்பலாக்கினா?" மற்றவன் சொன்னான்: "சாம்பலில இருந்து வருவான்." "சாம்பலை வாவியில கரைச்சா?" அவ்வளவில் பெரிய வாக்குவாதம் எழுந்து, தீர்ப்புச் சொல்லும்படி எம்மிடம் வந்தார்கள். நாம் சிரித்து, "போய்ப் படியுங்கள்" என்று அனுப்பிவிட்டோம். பெரியவர்களுக்கு விடை தெரியாதபோது சொல்லும் சொல் அதுதானே!

ஆனால், அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. மீண்டும் மீண்டும் உயிர்த்தெழும் ஒருவனுடைய ஆற்றலுக்கு எல்லை எங்கே? இது கைத்தொலைபேசியோடு பிறந்த கேள்வியன்று. நம் முன்னோர் கோயில் மண்டபங்களிலும் கூத்துக் களரிகளிலும் இருந்து கேட்ட கேள்வி.

கந்தபுராணத்தைப் பாருங்கள். சிங்கமுகாசுரனுக்கு ஆயிரம் தலைகள், இரண்டாயிரம் கைகள். முருகப் பெருமான் அறுக்க அறுக்க அவை முளைத்துக்கொண்டே இருந்தன. பெருமான் அதட்டிய ஓர் ஒலியிலே முளைப்பது நின்றது. இரத்தபீசன் என்றோர் அசுரன். அவனுடைய குருதியில் ஒரு துளி நிலத்தில் விழுந்தால் அத்துளியிலிருந்து இன்னோர் அசுரன் எழுவான். துளி நிலத்தில் விழாதபடி காளி குடித்துவிட்டாள். அவன் கதை முடிந்தது. சராசந்தனோ இரண்டு பிளவாகப் பிறந்து ஒட்டவைக்கப்பட்டவன். வீமன் அவனைக் கிழித்தெறிய, பிளவுகள் மறுபடி ஒட்டிக்கொண்டன. கண்ணபிரான் ஒரு துரும்பைக் கிழித்து இடம் வலம் மாற்றிப் போட்டுக் காட்டியதும் வீமனுக்கு வழி தெரிந்தது என்று நம் கதைசொல்லிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இக்கதைகளிலே வரம் கொடுக்கப்படும்போதே ஒரு வாசலும் திறந்து வைக்கப்படுகிறது. அந்த வாசல் எங்கே என்று தேடுவதுதான் கதை. ஆகவே எமது தம்பியும் அவன் கூட்டாளிகளும் திண்ணையிலே செய்தது ஒரு புராண விசாரணை என்றே கொள்ளலாம்.

புராணத்தை விட்டு இயற்கையைப் பார்ப்போம். நம் வீட்டுச் சுவரிலே ஓடும் பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடித் தப்புகிறது. சில வாரங்களில் வால் முளைத்துவிடுகிறது. ஆனால், முன்னிருந்த வாலினுள்ளே கோத்தெடுத்த மணிபோல முள்ளெலும்புகள் இருந்தன. பின்பு முளைத்த வாலினுள்ளே இருப்பது ஒரு குருத்தெலும்புக் குழாய். பார்வைக்கு வால்தான்; பழைய வால் அன்று.

நமது தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஓலை விழுந்தாலும் புதிய ஓலை வரும். ஆயினும், அந்த மரத்திற்கு வளரும் இடம் உச்சிக் குருத்து ஒன்றுதான். குருத்து அழிந்தால் மரத்தின் கதை முடிந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பிலே வீசிய சூறாவளியைக் கண்ட பெரியோர்கள் இங்கே இருக்கிறீர்கள். தென்னந்தோட்டங்கள் விழுந்து கிடந்த விதத்தை நீங்கள் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். முறிந்த தென்னை எதுவும் மறுபடி தழைக்கவில்லை. ஆனால், வாழைப் புட்டிகளில் கன்று வெடித்திருக்கும். இதைப் பின்னர் நினைவுபடுத்துவோம்.

மனித உடம்பிலும் இந்த ஆற்றல் உண்டு. ஈரலிலே மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் எஞ்சிய பங்கு வளர்ந்து பழைய பருமனை அடைய முயலும். எனினும் வெட்டிய துண்டு வெட்டிய இடத்தில் முளைப்பதில்லை. இருக்கும் துண்டே பருக்கிறது. அதே ஈரலை நாள்தோறும் கசிப்பால் சுட்டுக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் வளர்ச்சிக்குப் பதிலாகத் தழும்பே படர்ந்து, அந்த உறுப்புக் கல்லாகிப் போகும். நம் கிராமங்களில் இதற்குச் சான்று தேடி நூலகத்துக்குப் போகவேண்டியதில்லை.

உடம்பின் மிகச் சிறிய அறைகளாகிய கலங்கள் பிரிந்து பிரிந்தே நாம் வளர்கிறோம். பரிசோதனைக் கிண்ணத்தில் வளர்த்த சாதாரண மனிதக் கலங்கள் ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடுகின்றன என்று ஹேஃபிளிக் என்னும் அமெரிக்க அறிஞர் 1961ஆம் ஆண்டில் எழுதினார். அப்படியானால் ஓயாத கலம் ஒன்றும் இல்லையா? உண்டு. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயொருத்தியின் உடம்பிலிருந்து, அவளைக் கேளாமலே எடுத்த கலங்கள் இன்றுவரை உலகத்து ஆய்வுகூடங்களில் பிரிந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றால் மருத்துவம் அடைந்த நன்மை பெரிது. ஆனால், அவை எத்தகைய கலங்கள்? அவளைக் கொன்ற புற்றுநோயின் கலங்கள். அவள் அதே ஆண்டு ஒக்டோபரில் இறந்துபோனாள். எல்லையின்றி வளரும் வரத்தைப் பெற்ற கலம், தான் குடியிருந்த வீட்டையே இடித்துவிட்டது. நம் உடம்பு ஓரிடத்தில் "போதும்" என்று நிறுத்திக்கொள்வதைக் குறையென்று எண்ணியிருந்தோம்; அந்தக் குறையினாலேதான் நாம் இத்தனை நாள் உயிரோடிருக்கிறோம்.

இனி, திண்ணையின் கேள்விக்குத் திரும்புவோம். விளையாட்டுச் செய்தவர்களிலும் இதை ஆழமாக எண்ணியவர்கள் இருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டில் வெளிவந்த "பிளேன்ஸ்கேப் டோர்மென்ட்" என்னும் கணினி விளையாட்டை எமது விடுதி நண்பர் ஒருவர் காட்டினார். அதன் நாயகனுக்குச் சாவில்லை, பெயரும் இல்லை. பிணவறை மேசையொன்றில் கண் விழிக்கிறான். உடம்பெல்லாம் தழும்பு. தான் யார் என்பது நினைவில்லை. செத்துச் செத்து எழுந்ததில் நினைவு அழிந்துவிட்டது. கதை போகப்போக இன்னொன்றும் தெரியவருகிறது. அவன் சாகவேண்டிய ஒவ்வொரு முறையும் அவனுக்குப் பதிலாக வேறெங்கோ ஓர் உயிர் சாகிறது. அப்படிச் செத்தவர்களின் நிழல்கள் அவனைத் துரத்துகின்றன. ஈற்றிலே அவன் தேடிப்போவது புதையலை அன்று; தான் இழந்த சாவைத் தேடிப் போகிறான்.

இதைப் பார்த்தபோது எமக்கு உடல் சிலிர்த்தது. ஏனென்றால், இந்த நாயகனை நாம் ஏற்கனவே அறிவோம். பழுகாமத்திலே திரௌபதை அம்மன் சந்நிதியில் பாரதக் கதை கேட்டு வளர்ந்த எவரும் அறிவர். அவன் பெயர் அசுவத்தாமன்.

துரோணருடைய ஒரே மைந்தன். நெற்றியிலே மணியோடு பிறந்தவன். அம்மணி இருக்கும்வரை ஆயுதத்துக்கும் நோய்க்கும் பசிக்கும் அவன் அஞ்சவேண்டியதில்லை. பதினெட்டாம் நாட்போர் முடிந்த இரவிலே, தந்தையை வஞ்சித்துக் கொன்றார்கள் என்ற கோபம் அவனைப் பாசறைக்குள் இட்டுச் சென்றது. உறங்கிக் கிடந்தவர்களை வெட்டினான். திரௌபதையின் புதல்வர் ஐவரும் அந்த இரவில் மாண்டார்கள். அதன் பின்னும் கோபம் அடங்காமல், உத்தரையின் கருவிலிருந்த குழந்தைமேலும் அஸ்திரத்தை ஏவினான். மணி பறிக்கப்பட்டது. புண்ணும் சீழும் குருதி நாற்றமுமாய், பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லாமல், மூவாயிரம் ஆண்டு அலைந்து திரிவாய் என்று கண்ணபிரான் சபித்தார் என்பது வியாச பாரதம். சிரஞ்சீவிகள் எழுவரில் ஒருவனாக அவனை எண்ணுவது மரபு.

அன்பர்களே! வெட்டினாலும் மூடிக்கொள்ளும் உடம்பை எல்லோரும் வரமென்கிறோம். இவனுக்கோ உயிர் போகாது; புண்ணும் ஆறாது. சாகாமல் இருப்பது ஒன்று, ஆறிப்போவது வேறொன்று. விளையாட்டின் பச்சைக் கோடு இரண்டையும் ஒன்றென்று நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறது. பாரதம் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. எமக்குத் தெரிந்தவரையில் அந்தக் கேள்விக்கு விடை இதுதான்: சாகாதவனுடைய ஆற்றல் தசையையும் தோலையும் மீட்கும்; அவன் பிறருக்குச் செய்ததையும் பிறர் அவனுக்குச் செய்ததையும் அது தொடாது. எல்லை அங்கே இருக்கிறது.

அதே கதையில் மீண்டும் உயிர்பெற்றவன் இன்னொருவனும் உண்டு. கருவிலே எரிந்து, கண்ணபிரானால் உயிர்ப்பிக்கப்பட்ட பரீட்சித்து. அவனுக்குச் சாகாவரம் கிடைக்கவில்லை. வளர்ந்து, அரசாண்டு, ஒரு முனிவருடைய கழுத்திலே செத்த பாம்பைப் போட்ட பிழைக்காக, ஏழாம் நாள் பாம்பு கடித்துச் சாவாய் என்ற சாபத்தைப் பெற்றான். அந்த ஏழு நாட்களையும் அவன் என்ன செய்தான்? கங்கைக் கரையில் அமர்ந்து சுகமுனிவரிடம் பாகவதம் கேட்டான். மூவாயிரம் ஆண்டு பெற்றவனுக்குப் பேச ஓர் ஆள் இல்லை. ஏழு நாள் பெற்றவனைச் சுற்றி முனிவர் கூட்டம். இவ்விருவரில் யாருடைய வரம் பெரிது என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறோம்.

நாம் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில் என்பது பலருக்குத் தெரியும். அங்கே கேட்ட ஒரு செய்தியை இங்கே சொன்னால் பெரியோர்கள் தவறாக எண்ணமாட்டீர்கள் என்று நம்புகிறோம். உயிர்த்தெழுந்த இயேசுநாதரைத் தோமா என்ற சீடர் நம்ப மறுத்தபோது, அவர் தம் கைகளிலும் விலாவிலும் இருந்த காயங்களையே அடையாளமாகக் காட்டினார் என்பது அவர்களுடைய வேதம். சாவை வென்று எழுந்த உடம்பிலும் காயத்தின் அடையாளம் அழிக்கப்படவில்லை. சிறுவயதில் அது எமக்குப் புதிராக இருந்தது. தழும்பு இருப்பதும் ஆறியிருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது பிற்பாடுதான் விளங்கியது. அதை விளக்கியது எந்தப் பள்ளிக்கூடமும் அன்று, எமது அம்மப்பா.

அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே ஒரு செல் துண்டு இருக்கிறது. 1990களில் ஒரு நாள் வயலிலே வேலை செய்துகொண்டிருந்தபோது பாய்ந்தது. அதை எடுக்கப்போனால் நரம்பு கெட்டுவிடும் என்று வைத்தியர்கள் உள்ளேயே விட்டுவிட்டார்கள். தசை அதைச் சுற்றி மூடிக்கொண்டது. மாரி காலத்திலே கால் இழுக்கும். மற்றப்படி அவர் நடப்பார், வரம்பு கட்டுவார், அம்மனுடைய தீமிதிப்பிலும் இறங்குவார். சிறுவயதில் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "இது ஆர் அடிச்ச செல் அம்மப்பா?" என்று நாம் கேட்டோம். அவர் சொன்ன விடை: "இரும்புக்குப் பேரில்ல மனே. பேரைத் தேடிக்கொண்டு திரிஞ்சிருந்தா இந்தப் புண் காய்ஞ்சிருக்காது."

அசுவத்தாமனுடைய நெற்றியிலிருந்த மணி வெளியே எடுக்கப்பட்டது, புண் ஆறவில்லை. எமது அம்மப்பாவின் காலிலே இரும்பு உள்ளேயே கிடக்கிறது, புண் ஆறிவிட்டது. பாரதத்தில் நாம் படித்த பாடம் முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கும்.

இதைச் சொல்லும்போது, நீதி கேட்கவேண்டாம் என்றோ, நடந்ததை மறந்துவிடவேண்டும் என்றோ நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின்னும் பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு விடைக்காகக் காத்திருந்த தாய்மாரை நாம் அறிவோம். அவர்களிடம் போய் "ஆற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அந்த உரிமை புண்பட்டவருடையது. இதற்குச் சாட்சி நம் அம்மனே. அசுவத்தாமனை அருச்சுனன் கட்டி இழுத்துவந்து முன்னே நிறுத்தியபோது, "அவனை விடுங்கள், பிள்ளைகளை இழந்து நான் அழுவதுபோல அவனைப் பெற்ற தாயும் அழவேண்டாம்" என்ற கருத்துப்பட அவள் வேண்டினாள் என்று பாகவதம் கூறுகிறது. வீமன் கொல்லவேண்டுமென்றான். அவளோ இன்னொரு தாயை நினைத்தாள். ஒரே இரவில் ஐந்து பிள்ளைகளை இழந்தவள் அவள்! அந்தச் சொல்லை வேறு யார் சொல்லியிருந்தாலும் அது வெறும் உபதேசமாகப் போயிருக்கும். அவள் சொன்னதனால் அது தீயிலே பூத்த பூவாயிற்று. அவளைத் தெய்வமாக வைத்து, அவள் பெயரால் தீயிலே இறங்கும் ஊர் நமது ஊர்.

பெரிய காயங்களைப் பற்றிப் பேச எமக்கு வயது போதாது. ஆகையால் ஒரு சிறிய காயத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். சென்ற ஆண்டு இந்த மன்றத்திலே விழாக் கணக்கை ஒட்டி ஒரு பேச்சு எழுந்தது. கணக்கு அடுத்த கிழமையே தீர்ந்தது, பேச்சுத் தீரவில்லை. இருந்த ஒரு மன்றம் சராசந்தனைப்போல இரண்டு பிளவாய், ஒரு பிளவு வாசிகசாலையிலும் மறு பிளவு விளையாட்டு மைதானத்திலுமாக ஓராண்டு கழிந்துவிட்டது. அந்தப் பேச்சிலே மிகக் கூரிய சொல் ஒன்றைச் சொன்னவர் நாம். அச்சொல் பட்டவர், ஒன்றாம் வகுப்பிலிருந்து எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அவரும் இந்தச் சபையில் இருக்கிறார். எமது சொல் பிழையென்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக்கொள்கிறோம். அதை ஏற்பதும் விடுவதும் அவருடைய உரிமை. பிளவு ஒட்டுவதற்குப் பிளவுபட்ட இருவரும் ஒரு பாயில் இருந்தாலே போதும் என்றுதான் சராசந்தன் கதையும் நமக்குச் சொல்கிறது.

மன்றங்கள் சாகாவரம் பெற்றவை அல்ல. தலைவர்கள் வருவார்கள், போவார்கள். இளைஞர்கள் தொழில் தேடி வாவியைக் கடந்து மட்டக்களப்புக்கும், கடலைக் கடந்து கட்டாருக்கும் போய்க்கொண்டேயிருப்பார்கள். தென்னையைப்போல ஒரே குருத்தை நம்பி நின்றால் ஒரு சூறாவளி போதும். வாழையோ குலை ஈன்றதும் தான் சாய்ந்துவிடுகிறது. அதற்கு முன்பே பக்கத்தில் கன்றை வைத்துவிடுகிறது. வாழையடி வாழை என்று நம் முன்னோர் வாழ்த்தியது இதைத்தான். பெரியோர்களே, உங்கள் அடியிலே எமக்கு இடம் தாருங்கள். இளைஞர்களே, நமக்குப் பின்னே வருகிற பத்து வயதுக்காரருக்கு இப்போதே இடம் விடுவோம்.

வீட்டுக்குப் போனதும் தம்பி தீர்ப்புக் கேட்பான். "உன்னுடைய வீரன் சாம்பலிலிருந்தும் எழும்பலாம், வாவியிலிருந்தும் எழும்பலாம். எழும்பி வந்தபின் அவனோடு கதைக்க ஓர் ஆள் இருக்கிறதா என்று பார்" என்று சொல்லப்போகிறோம். அவனுக்கு இது இன்றைக்கு விளங்காது. விளங்கும் நாள் வரும்போது, இந்த மன்றம் அவனுக்குப் பேச ஒரு மேடையையும், கேட்க ஒரு சபையையும் வைத்திருக்கவேண்டும் என்று அம்மனை வேண்டி அமர்கிறோம்.